கரையில் நின்றவர்களின் இரத்தம்

எந்த வீட்டுப் படலையைத் திறந்தாலும் மிஸ் கேட்கிற முதற்கேள்வி ஒன்றுதான். "இந்த வீட்டில எத்தனை சீவன்?"

"ஆறு பேர் மிஸ்" என்று சொல்வார்கள். "நான் ஆக்களைக் கேக்கேல்ல. சீவனைக் கேட்டனான்" என்பார். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். அடுப்படியில் படுத்திருக்கிற பூனை, கிணற்றடியில் கட்டியிருக்கிற ஆடு, 'எங்கட இல்லை மிஸ், சோத்துக்கு மட்டும் வரும்' என்று கைகழுவி விடப்படுகிற நாய். எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் போட்ட கதிரையில் இருப்பார். அவர் கேட்கும்போதே நான் பையிலிருந்து கயிற்றை எடுத்துவிடுவேன். மனிதரின் இரத்தம் எடுப்பது அவர் வேலை. நாயின் இரத்தம் எடுப்பது என் வேலை.

நான் மிருக வைத்திய அலுவலகத்தில் உதவியாளன். மாட்டுக்கு ஊசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து என்று நிம்மதியாக இருந்தவனைச் சுகாதாரப் பக்கத்துக்கு இரவல் கொடுத்தார்கள். யானைக்கால் நோயைத் தருகிற புழு முன்பு மனிதருக்கும் நுளம்புக்கும் நடுவில் மட்டும் ஓடித்திரிந்தது என்றும், இப்போது அதன் ஒரு வகை நாய் பூனைகளிலும் குடியிருக்கிறது என்றும் ஒரு பெரிய டொக்டர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். ஒரு பிள்ளையின் இரத்தத்தில் புழு கண்டால், அது அயல்வீட்டு மனிதரிடமிருந்து வந்ததா, முற்றத்து நாயிடமிருந்து வந்ததா என்று பார்க்கவேண்டும். கடித்த நுளம்பைப் பிடித்து விசாரிக்க முடியாது. ஆகவே சுற்றிவர இருக்கிற எல்லாச் சீவன்களின் இரத்தத்தையும் எடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

மிஸ்ஸின் பெயரை எழுதப்போவதில்லை. ஊர்ச்சனம் 'ஊசி மிஸ்' என்றுதான் சொல்லும். எனக்கு இரண்டு வயது இளையவர். மெலிந்த உடம்பு, பெரிய குரல். வெயிலில் குடை பிடிக்கமாட்டார், குடையைக் கையில் மட்டும் வைத்திருப்பார். அது நாய்க்கு. ஓம், நாய் என்றால் அவருக்கு அப்படியொரு பயம்! நான் நாயின் வாயைக் கயிற்றால் கட்டி முன்னங்காலில் ஊசி ஏற்றும்போது அவர் கதிரைக்கு மேல் ஏறி நிற்பார். அங்கே நின்றபடியே கேட்பார், "அண்ணன், பேர் என்ன?"

"நாய்க்கு என்ன பேர் மிஸ்? நாய்தான்."

"பேர் இல்லாட்டி பட்டியல்ல எப்பிடிப் போடுறது?"

பெயர் இல்லாத நாய்களுக்கு அவரே பெயர் வைத்தார். பஸ் போகிற ஊர்களின் பெயர்கள். ஒன்று கந்தளாய், ஒன்று புல்மோட்டை, ஒன்று வெருகல். எதற்கும் தொண்டை கட்டும்படி குரைத்த கறுப்புப் பெட்டைக்குக் குச்சவெளி. போத்தல்களில் அந்தப் பெயர்களை ஒட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால் எங்கள் கிளாக்கர் விழுந்து விழுந்து சிரிப்பார். பகிடி என்னவென்றால், அடுத்த மாதம் போகும்போது ஊர்ச்சனமும் அந்தப் பெயர்களைச் சொல்லியே நாய்களைக் கூப்பிடும்.

ஆட்களின் சோதனை சுலபமாகியிருந்தது. முந்தி இரவில்தான் இரத்தம் எடுக்கவேண்டும், அந்தப் புழு இருட்டிய பிறகுதான் மேல் இரத்தத்துக்கு வரும். இப்போது விரலளவு பிளாஸ்ரிக் அட்டை ஒன்று வந்துவிட்டது. ஒரு சொட்டு இரத்தம், அதன்மேல் இரண்டு சொட்டு மருந்துத் தண்ணீர். அரை மணித்தியாலத்துக்குள் ஒரு கோடு வந்தால் சுகம். இரண்டு கோடு வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு மேற்கொண்டு பார்ப்பார்கள். பகலிலேயே காரியம் முடிந்துவிடும்.

ஆனால் சனம் விரலைத் தரவேண்டுமே! அதற்கு அவர் வைத்திருந்த வழி, முதலில் தன் விரலைக் குத்துவது. பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் கட்டாயம். "பார், மிஸ்ஸுக்கும் ரத்தம் வருது" என்று காட்டிவிட்டுப் பஞ்சால் துடைப்பார். ஒரு நாளில் ஏழெட்டு வீடு. இடது கை விரல்களின் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தன. "உங்களுக்கு விசரா மிஸ்?" என்று ஒரு நாள் கேட்டேன். "நான் தராததை நான் கேக்க ஏலாது அண்ணன்" என்றார்.

இன்னொரு கதையும் அடிக்கடி சொல்வார். "விட்ட ஆள்தான் ஆள்." பட்டியலில் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேரை எடுத்துவிட்டு வந்தால், புழு இருப்பது அந்த நூறாவது ஆளில்தானாம். மூதூரில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானா ஊசிக்குப் பயந்து அரிசி, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். மனைவி வெளியே வந்து, "அவர் தோப்பூருக்குப் போயிட்டார்" என்றா. மிஸ் கடை வாங்கில் இருந்துகொண்டார். ஒரு சவர்க்காரம் வாங்கினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நெருப்புப் பெட்டி. பிறகு கால் கிலோ பருப்பு. மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது நானாவுக்கு வேறு வழியில்லை, மாவுப் பூச்சோடு எழும்பி வந்து சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார். "உங்கட ஊசி வலிக்கேல்ல மகள், உள்ளுக்க மூட்டைப்பூச்சிக் கடிதான் தாங்க ஏலாமப் போச்சு" என்றார். மிஸ் சாமானையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

என்னையும் ஒரு தரம் கிழித்திருக்கிறார். தோப்பூர்ப் பக்கம் ஒரு வயல் வாடியில் இரண்டு நாய்கள், ஒரே ஈற்றுக் குட்டிகள். ஒன்றைப் பிடித்தேன், மற்றது வரம்பால் ஓடிப்போய்விட்டது. நெருப்பு வெயில். நான் சொன்னேன், "மிஸ், ரெண்டும் ஒரு தாயின்ர குட்டி, ஒரே சட்டியில தின்னுறது. இதிட்டயே இன்னொரு போத்தல் எடுத்து மற்றதின்ர பேரை ஒட்டுவம்." அவர் கதிரையிலிருந்து இறங்கினார். அந்தப் பெயர் எழுதிய துண்டை என் கையிலிருந்து பறித்துக் கிழித்தார். "நாய்க்குக்கூடப் பதிலாள் போட ஏலாது. விளங்குதா?" என்றார். மறுநாள் அந்த ஒரு நாய்க்காகத் திரும்பவும் தோப்பூருக்குப் போனோம். 

இதையெல்லாம் ஏன் இப்படி விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்தது இன்றைக்கும் எனக்கு நம்ப ஏலாமல் இருக்கிறது.

மிஸ் பிறந்து, கலியாணம் முடித்தும் இருந்த ஊர், நிலாவெளி றோட்டால் போய்க் கடல் பக்கம் இறங்கினால் வருகிற ஒரு மீன்பிடிக் கிராமம். பெயர் வேண்டாம். கணவருக்குக் கொட்பேத் துறையிலிருந்து போகிற பலநாள் படகில் வேலை. இருபது நாள் கடல், ஏழெட்டு நாள் கரை. பாறை மாதிரி ஆள், தடிமன்கூட வராது. மிஸ்ஸின் பின்வீட்டில் ஒரு தாயும் மகளும். மகளுக்கு எட்டு வயது. அந்தப் பிள்ளைக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து, தொடை இடுக்கில் நெறி கட்டி, வலது கால் வீங்கத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரியில் இரத்தத்தைப் பார்த்துவிட்டுப் புழு என்று சொன்னார்கள்.

பிள்ளைக்குக் குளிசை கொடுத்தாயிற்று. ஆனால் யாரிடமிருந்து வந்தது? அந்த ஆளை, அல்லது அந்த மிருகத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த நுளம்பு அடுத்த பிள்ளைக்குக் கொண்டுபோகும். மிஸ்ஸின் சொந்த ஊர், பின்வீட்டுப் பிள்ளை. அவர் அந்தக் கிழமை சாப்பிட்டாரா தூங்கினாரா என்று தெரியாது. முழு ஊருக்கும் பட்டியல் போட்டார். ஊருக்குள் ஒழுங்கை வழி வீடுகள் அவருக்கு. கடற்கரையில் மீனவர் தங்கும் வாடிகளின் பக்கம் மீனவர் சங்கக் கட்டிடத்தில் மேசை போட்டு, பட்டினத்திலிருந்து வந்த இரண்டு பேர் விரல் குத்தினார்கள். ஊரில் இருந்த பதினான்கு நாய்களிலும் நான் இரத்தம் எடுத்தேன், கந்தளாயும் வெருகலும் புல்மோட்டையும் அந்த ஊர் நாய்கள்தான். பின்வீட்டுப் பிள்ளையின் நாய்தான் கடைசி. அதற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது, சீனி. பிள்ளை வீங்கிய காலை நீட்டிக்கொண்டு அதன் தலையை மடியில் பிடித்திருந்தாள். நான் கயிறே கட்டவில்லை.

மேலிடத்திலிருந்து வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பட்டியலும் வேண்டுமென்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தார். ஒரு வரியும் வெறுமையாக இல்லை. பிள்ளையைத் தவிர ஆட்கள் எல்லாருக்கும் ஒரே கோடு.

நாய்களின் இரத்தத்தை அவர் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அம்மாடி! சிவப்புப் பொட்டுகளுக்கு நடுவில் நூல்துண்டு மாதிரி ஒன்று நெளிந்து நெளிந்து எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஐந்து நாய்களில் அது இருந்தது. சீனியிலும் இருந்தது.

"அப்ப நாய்தானே மிஸ்?"

"நாய்க்கு வாற புழு கனக்க இருக்கு அண்ணன். இது எந்தப் புழு எண்டு இஞ்ச வைச்சுச் சொல்ல ஏலாது. கொழும்புக்கு அனுப்புறன். மறுமொழி வருமட்டும் வாயைத் திறக்காதேங்கோ."

ஓம் என்றேன். ஓமென்று சொன்ன வாய் ஒரு மணித்தியாலம்கூடப் பொறுக்கவில்லை. அந்த ஊர்ச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். முதலாளி கேட்டார், "என்னவாம் தம்பி, பிடிபட்டுதோ?" இத்தனை வருடம் மாட்டு வாலுக்குப் பின்னால் திரிந்தவனை ஒருவர் மரியாதையாக ஒரு விஷயம் கேட்கிறார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. "நாய்தான். அஞ்சு நாயில புழு. மிஸ்ஸே மெசினில காட்டினவா" என்றேன். முதலாளி அன்றைக்கு என்னிடம் பிளேன்ரீக்குக் காசு வாங்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறக்க முதல் போன் வந்தது. மிஸ்தான். "கெதியா வாங்கோ" என்றது மட்டும்தான். குரல் அவருடைய குரலாக இல்லை.

போனேன். கடற்கரை நீளத்துக்கு நாய்கள் கிடந்தன. சூரைமீன் தலைகளில் வயலுக்கு அடிக்கிற மருந்தை வைத்திருக்கிறார்கள். சிலதின் வாயில் நுரை இன்னும் காயவில்லை. ஒன்று தண்ணி குடிக்கப் போய்க் கிணற்றுக்கட்டில் தலையை வைத்தபடி. நான் எத்தனையோ மிருகம் சாகப் பார்த்தவன், இப்படி ஒரேயடியாகப் பார்த்ததில்லை. மிஸ் பட்டியலோடு மணலில் குந்தியிருந்தார். நாய்க்குப் பயந்து கதிரையில் ஏறுகிற அந்த மனுசி ஒவ்வொரு நாயின் தலையையும் கையால் திருப்பிப் பார்த்து, பெயரைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டிருந்தார். கந்தளாய், செத்தது. வெருகல், செத்தது. புல்மோட்டை, செத்தது. பதினான்கில் பதினொன்று. பின்வீட்டுப் படலையடியில் சீனி கிடந்தது. உள்ளே பிள்ளை கத்துகிற சத்தம் றோட்டு வரைக்கும் கேட்டது.

"நாயில புழு எண்டு ஊருக்கு ஆர் சொன்னது?" என்று மிஸ் என்னைக் கேட்டார்.

"தெரியேல்ல மிஸ்."

அந்த நுணுக்குக்காட்டிக்குள் கண் வைத்தவர்கள் இரண்டே பேர். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

ஒரு கிழமைக்குப் பிறகு கொழும்பிலிருந்து மறுமொழி வந்தது. நாய்களில் இருந்தது வேறு புழு. நாய்களுக்குச் சாதாரணமாக வருகிறது. பிள்ளையின் இரத்தத்தில் இருந்ததற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கடிதத்தை நான்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு மிஸ்ஸிடம் நீட்டினேன். பதினொரு சீவன், சும்மா!

மிஸ் அலுமாரியிலிருந்து பட்டியலை எடுத்தார். பிறகு, "நாய் இல்லை எண்டா ஆள். ஆரோ ஒராளை விட்டிட்டம்" என்றார். பட்டியலை என் கையில் தந்தார். முதலில் அவர் குத்திய வீடுகள், ஒவ்வொரு பெயராக நான் வாசிக்கவேண்டும். அன்றைக்கு அந்த ஆளை எங்கே வைத்துக் குத்தியது என்று அவர் யோசித்துச் சொல்வார்.

முதல் பெயர் அவருடையது. இரண்டாவது அவருடைய கணவரின் பெயர். நான் மூன்றாவதுக்குப் போனேன்.

"நில்லுங்கோ" என்றார். "ரெண்டாவதைத் திருப்பி வாசியுங்கோ."

வாசித்தேன்.

"அண்டைக்கு அவர் கடல்ல."

"அப்ப இந்த அட்டை?"

"அது என்ர ரத்தம்."

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. மற்ற ஊர் வீடுகளில் செய்கிற மாதிரியே அன்றைக்கும் முதலில் தன் விரலைக் குத்தியிருக்கிறார். முதல் அட்டையில் வைத்தார். விரல் நுனியில் இரத்தம் இன்னும் இருந்தது. பக்கத்தில் கணவரின் பெயர் எழுதிய அட்டை. வெள்ளிக்கிழமைக்குப் பட்டியல் முடியவேண்டும்.

"கை அப்பிடியே போயிட்டுது அண்ணன்" என்றார். "சங்கத்துக் கொப்பியில, மண்ணெண்ணெய்த் துண்டில, பள்ளிக்கூடக் கடிதத்தில, எல்லாத்திலையும் அவருக்கு நான்தானே கையெழுத்து வைக்கிறனான். கடலுக்குப் போனவனுக்குக் கரையில நிக்கிறவர் கை வைக்கிறது. எங்கட அம்மாவும் அப்பிடித்தான். பொய் செய்யிறன் எண்டு எனக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை. என்ர பிள்ளையார் அப்பா, தோன்றவே இல்லை."

நாய்க்குப் பதிலாள் போட ஏலாது என்று என் கையிலிருந்து துண்டைப் பறித்துக் கிழித்த மனுசி! எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. தோப்பூர் வெயில் நினைவுக்கு வந்தது. 

இரண்டு நாள் கழித்துப் படகு வந்தது. கொட்பேயில் ஐஸ் லொறிகளுக்கு நடுவில் மிஸ் சோதனைப் பெட்டியோடு நின்றார், நான் பக்கத்தில். கணவர் தாடியும் சிரிப்புமாக இறங்கினார், கையில் வீட்டுக்கென்று ஒரு அறக்குளா மீன். "என்னப்பா, அரசாங்கக் கச்சேரியையே கொண்டு வந்து நிக்கிறாய்?" என்று கேட்டார். மிஸ் அவருடைய கையைப் பிடித்து விரலைக் குத்தினார். நாங்கள் மூன்று பேரும் ஒரு வெறும் ஐஸ் பெட்டியின்மேல் அட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் கோடு வந்தது. பிறகு, இரண்டாவது கோடு வரத் தொடங்கியது. கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லதோ கூடாததோ?" என்று என்னைக் கேட்டார். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு லொறிக்குப் பின்னால் போய்விட்டார். கரைக்கு வந்தால் அந்த மனுசன் உள்ளே படுக்கமாட்டார். பின்வேலியோரம் காற்றுக்குக் கட்டில் போட்டுத் தூங்குவார். வேலிக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளையின் யன்னல்.

மிஸ் பேசாமல் பட்டியலைத் திருத்தியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நானும் அதைத்தான் சொன்னேன். "மிஸ், இவருக்குக் குளிசை குடுத்திட்டு விடுங்கோ. ஆர் கேக்கப் போயினம்?" அவர் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்தில் ஊரைக் கூட்டினார்.

எல்லாரும் வந்திருந்தார்கள். மிஸ் நின்றபடி நடந்ததைச் சொன்னார். நாய்களில் அந்தப் புழு இல்லை, என் கணவரில் இருக்கிறது, அவருடைய அட்டையில் என் இரத்தத்தை வைத்தேன், பிழை என்னுடையது. அவ்வளவுதான். கடைசிச் சொல்லில் மட்டும் குரல் உடைந்தது.

முன்வரிசையில் இருந்த சங்கத் தலைவர் எழும்பினார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஆறுதல் சொல்லத்தான் எழும்பினார். "இதுக்கேன் பிள்ளை அழுறாய்? இது ஊர் வழக்கம்தானே. அண்டைக்கு என்ர மருமகனும் கடல்ல. அவனுக்கும் நான்தான் மற்ற விரலைக் குடுத்தனான்."

மிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ர தம்பிக்கு நான்தான் குடுத்தனான்" என்றார் பின்னால் ஒருவர். "என்ர மோனுக்கு நான்." "எங்கட படகில மூண்டு பேருக்கும் நான் ஒராள்தான். அந்தப் பட்டினத்துப் பெடியனுக்கு எங்கட முகம் எங்க தெரியும்? பேரைச் சொன்னா குத்துவான்." ஒருவர் இதைச் சொல்லிச் சிரித்தே விட்டார். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள், தங்கள் ஊர்ப் பிள்ளையை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று. மிஸ் பேனாவை எடுத்தார். சொல்லச் சொல்ல எழுதினார்.  பதினேழு பெயர்! கடலில் நின்ற ஒருவரின் இரத்தம்கூட அந்தப் பட்டியலில் இல்லை. கரையில் நின்றவர்களின் இரத்தத்தை இரண்டு தரம், மூன்று தரம் எடுத்து வைத்துக்கொண்டுதான் ஊரில் ஒரு மனிதருக்கும் நோயில்லை என்று நம்பியிருந்தோம்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பின்வீட்டுத் தாய் எழும்பினா. சிரிப்புகள் நின்றன.

"அப்ப என்ர பிள்ளையின்ர நாயை ஏன் கொண்டனீங்கள்? நாயில புழு எண்டு நீங்கள்தானே மிஸ் சொன்னீங்கள்?"

"நான் சொல்லேல்ல" என்றார் மிஸ்.

"நீங்கள் மெசினில பாத்துச் சொன்னதாத்தான் சந்திக் கடையில கதை."

"நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்ல அக்கா."

"புருசன்ர பேரில பொய் ரத்தம் வைச்சவ. இதில மட்டும் உண்மை சொல்லுவாவோ?" என்று யாரோ கத்தினார்கள். கொஞ்சத்துக்கு முன் ஆறுதல் சொன்ன சனம் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல், ஒரேயொரு சொல் போதும். நான் குனிந்து செருப்பைத் தேடுகிறவன் மாதிரி நின்றேன். மிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, "நாளையில இருந்து கடலுக்குப் போயிட்டு வாற எல்லாரையும் திருப்பிக் குத்தவேணும். நானே துறையில நிப்பன்" என்று மட்டும் சொன்னார்.

நின்றார். ஒரு மாதம், படகு வரவர. இன்னும் இரண்டு பேரில் இரண்டு கோடு வந்தது. எல்லாருக்கும் குளிசை கொடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் கால் வீக்கம் வற்றியது. அதற்குப் பிறகு அந்த ஊரில் வேறு பிள்ளைக்கு வரவில்லை. பொய்ப் பதிவு வைத்ததற்கு விசாரணை நடந்தது. மிஸ்ஸைத் தூரத்து அலுவலகம் ஒன்றுக்கு மாற்றினார்கள், ஊசியைத் தொடாத வேலை. எனக்கு ஒத்துழைப்புக்கு நன்றி என்று ஒரு கடிதம் வந்தது.

அவர் போகிற நாள் பஸ் நிலையத்துக்குப் போனேன். இரண்டு பையும் அந்தக் குடையுமாக நின்றார். சாமானை ஏற்றிக் கொடுத்துவிட்டு, பஸ் புறப்படப் போகும்போது யன்னலடியில் நின்று சொன்னேன். "மிஸ், தேத்தண்ணிக் கடையில அதைச் சொன்னது நான்தான்."

"தெரியும்" என்றார்.

"என்னை மன்னிக்கவேணும்."

"என்னட்டச் சொல்லி என்ன அண்ணன்? நான் நாய் வளக்கேல்ல."

பஸ் போய்விட்டது. நான் அங்கேயே ஒரு வாங்கில் இருந்தேன். பிறகு நிலாவெளி பஸ்ஸில் ஏறினேன்.

பின்வீட்டுத் தாய் என்னைக் கண்டதும் கதிரை போட்டா. பிளேன்ரீ கொண்டுவந்து தந்தா, தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும். "நீங்கள் நல்ல மனுசன் தம்பி" என்றா. "சீனிக்குக் கயிறு கட்டாம ஊசி போட்டனீங்கள். பிள்ளை இப்பவும் சொல்லுவாள். அந்த மிஸ்தான் எங்களுக்கு இப்பிடிச் செய்துபோட்டா. கோயிலில தேங்காய் உடைச்சுச் சாபம் போட்டிருக்கிறன்."

குடிக்காமல் பிளேன்ரீப் பேணியைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அதை அவ சொல்லேல்ல. சந்திக் கடையில சொன்னது நான்."

அவ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றா. ஏசுவா, அடிப்பா, படலையைக் காட்டுவா என்று நான் காத்திருந்தேன். அவ குசினிப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டா. "பிள்ளை, இஞ்ச வா. மாமா வந்திருக்கிறார். சீனியைப் பற்றி உனக்கு ஒண்டு சொல்லவேணுமாம்."

பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். கால் நன்றாகச் சுகப்பட்டிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"சொல்லுங்கோ மாமா" என்றாள்.